மதுரையில் ஒரு மணி நேரக் கொள்ளை: எஸ்கேப் ரூமுக்குப் போகும் வெளியூர்க்காரர்களுக்கு

மீனாட்சி அம்மன் கோயிலில் மதியம் 12.30-க்கு நடை சாத்தினால் மறுபடி 4 மணிக்குத்தான் திறப்பார்கள். குடும்பத்தோடு வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இந்த மூன்றரை மணி நேரம் ஒரு தலைவலி. வெயிலில் சுற்ற முடியாது. லாட்ஜுக்குத் திரும்பினால் ஆளுக்கு ஒரு கட்டிலில் சாய்ந்துவிடுவார்கள், அப்புறம் எழுப்ப முடியாது. எங்கள் கூட்டத்தில் அக்கா மகள் சொன்ன யோசனைதான் எஸ்கேப் ரூம். அதிலும் வங்கிக் கொள்ளை, வைரக் கொள்ளை வகை. ஓர் அறைக்குள் விடுவார்கள், 60 நிமிடம் கொடுப்பார்கள். பூட்டுகளைத் திறந்து, பெட்டகத்தை உடைத்து, உள்ளே இருக்கும் பொருளை எடுத்துக்கொண்டு வெளியே வர வேண்டும்.

நாங்கள் ஐந்து பேர். நான், பெங்களூரிலிருந்து வந்த அக்கா, அத்தான், கல்லூரியில் படிக்கும் அவர்கள் மகள், தென்காசியிலிருந்து என்னோடு வந்த அத்தை. முதல் நாள் போனபோது உள்ளேயே விடவில்லை, கட்டிய அட்வான்ஸ் 1000 ரூபாயும் போயிற்று. மறுநாள்தான் விளையாடினோம். நீங்கள் அந்த ஆயிரத்தை ஜிகர்தண்டா குடிக்க வைத்துக்கொள்ளலாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

1. முதலில் இடம் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள்

இந்தத் தொழில் சென்னை, பெங்களூரு போல மதுரையில் தெருவுக்குத் தெரு வேர்விட்டது கிடையாது. ஒரு மால் மாடியில் திறப்பார்கள், சில மாதத்தில் வேறு இடத்துக்குப் போவார்கள், அல்லது அந்த அறையைப் பிறந்தநாள் கொண்டாடும் கூடமாக மாற்றிவிடுவார்கள். கூகுள் மேப்பில் பெயர் மட்டும் அப்படியே நிற்கும். ஆகவே மேப்பில் தேடியதும் நட்சத்திரத்தைப் பார்க்காதீர்கள், கடைசி விமர்சனம் எந்த மாதம் எழுதப்பட்டது என்று பாருங்கள். மூன்று மாதத்துக்குள் யாரோ ஒருவர் புகைப்படம் போட்டிருந்தால் நம்பலாம்.

இன்னொன்று, தேடலில் எல்லாம் கலந்து வரும். வீடியோ கேம் கடை, தலையில் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஆடுகிற விஆர், பேய் வீடு எல்லாமே எஸ்கேப் ரூம் என்ற பெயரில் நிற்கும். போன் போட்டு, "நிஜப் பூட்டு, நிஜச் சாவி உள்ள அறையா? கொள்ளை தீம் இப்போ ஓடுதா?" என்று இரண்டு கேள்வி கேட்டால் போதும். "ஓடுதா" என்பது முக்கியம். பல இடங்களில் இரண்டு மூன்று தீம் வைத்திருப்பார்கள். ஒன்றின் பெட்டகம் ரிப்பேர் என்று மூடிக் கிடக்கும். நீங்கள் போய் நின்ற பிறகு, "சார், பேய் ரூம்தான் ஃப்ரீ" என்பார்கள். எங்கள் அத்தையைக் கூட்டிக்கொண்டு பேய் ரூமுக்குப் போயிருந்தால் பேய்தான் கதவை உடைத்துக்கொண்டு ஓடியிருக்கும்.

2. பணம் கட்டும் முன் போனில் கேட்க வேண்டியவை

எவ்வளவு ஆகும் என்ற கேள்வியோடு நிறுத்திக்கொண்டதுதான் எங்கள் தப்பு. நீங்கள் இதையெல்லாம் கேளுங்கள்.

விலை ஆளுக்கா, அறைக்கா? ஆளுக்கு என்றால் குறைந்தது எத்தனை பேருக்குப் பணம் வாங்குவார்கள்? மூன்று பேர் போய் நான்கு பேருக்குக் கட்டிய கதையும் உண்டு. சொல்லும் விலையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா? எங்களுக்கு ஆளுக்கு 650 என்றார்கள். ஐந்து பேருக்கு 3250 என்று மனக்கணக்குப் போட்டுவிட்டோம். பில்லில் 18 சதவீத வரி 585 ரூபாய் ஏறி 3835 ஆனது. வார நாளில் விலை குறைவா, மாணவர் சலுகை உண்டா என்றும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள். அக்கா மகளிடம் கல்லூரி அடையாள அட்டை இருந்தும் நாங்கள் கேட்கவில்லை. பில் போட்ட பிறகு கேட்டால் யார் குறைப்பார்கள்?

உங்கள் குழு மட்டும்தானா, தெரியாதவர்களையும் சேர்த்து அனுப்புவார்களா? சில இடங்களில் இரண்டு பேர், மூன்று பேராக வருகிறவர்களை ஒரே அறையில் சேர்த்துவிடுவார்கள். குடும்பத்தோடு போகிறவர்கள் தனி புக்கிங் என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்வது நல்லது.

க்ளூ எந்த மொழியில்? இதை யாருமே கேட்பதில்லை. விதிகளை ஊழியர் தமிழில் நன்றாகவே விளக்குவார். உள்ளே போனால் கடிதம், செய்தித்தாள் துண்டு, சுவரில் எழுதியது எல்லாம் இங்கிலீஷ். எழுத்தை மாற்றிப் போட்டு வார்த்தை கண்டுபிடிக்கிற புதிரும் இங்கிலீஷ்தான். பெரியவர்களைக் கூட்டிப் போகிறீர்கள் என்றால், "படிக்கிற புதிர் அதிகமா, பார்த்துக் கண்டுபிடிக்கிறது அதிகமா?" என்று கேளுங்கள். இரண்டாவது வகைதான் குடும்பத்துக்குத் தோது.

கடைசியாக, தாமதமானால் என்ன செய்வார்கள்? அட்வான்ஸ் திரும்புமா? ஒரு நாள் முன்னால் சொன்னால் வேறு நேரத்துக்கு மாற்றுவார்களா? புக்கிங்கை உறுதிசெய்ய அவர்களே போன் போடுவார்களா? இந்தக் கடைசிக் கேள்வியில்தான் எங்கள் ஆயிரம் ரூபாய் போனது.

3. கோயிலும் கைபேசியும்: நாங்கள் விழுந்த குழி

2018 பிப்ரவரியில் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது. அதன் பிறகு உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் மீனாட்சி கோயிலுக்குள் கைபேசிக்குத் தடை. கோபுர வாசலில் உள்ள பாதுகாப்பு அறையில் கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும். நாங்கள் அன்றைக்கு ஐந்து போனையும் கொடுத்துவிட்டுப் பத்தரை மணிக்கு உள்ளே போனோம். விளையாட்டு 1 மணிக்கு.

11 மணிக்கு அந்த இடத்திலிருந்து உறுதிசெய்ய அழைத்திருக்கிறார்கள். என் போன் டோக்கன் அறையில் ஒரு மரப் பெட்டிக்குள் அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. மூன்று முறை. நான்காவதாக ஒரு குறுஞ்செய்தி: 11.30-க்குள் பதில் இல்லையென்றால் ஸ்லாட் ரத்து. நான் அந்த நேரத்தில் பொற்றாமரைக் குளப் படியில் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்து போனைப் பார்த்தபோது மணி 12.50. வேறு குழுவுக்குக் கொடுத்துவிட்டார்கள். "நீங்க எடுக்கலையே சார்" என்றார்கள். கோயிலுக்குள் போன் கிடையாது என்பது மதுரையில் கடை வைத்திருக்கும் ஒருவருக்குத் தெரியாதா? அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார்கள்: "கோயிலுக்குப் போறோம்னு நீங்க சொல்லலையே."

ஆகவே முதல் நாள் இரவே வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு வரி அனுப்புங்கள்: "நாளை 10 முதல் 12.30 வரை கோயிலில் இருப்போம், போன் இருக்காது, புக்கிங் உறுதி." பதில் வந்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஊரில் இருக்கிற யாராவது ஒருவர் எண்ணை இரண்டாவது தொடர்பு எண்ணாகக் கொடுத்தால் இன்னும் நிம்மதி.

நடை சாத்துகிற நேரத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் வெளியே வருவார்கள். போன் வாங்கும் வரிசையில் எங்களுக்கு இருபது நிமிடம் போனது. உள்ளே போன வாசலிலேயே திரும்பி வாருங்கள். கிழக்கில் போனைக் கொடுத்து, தெற்கில் செருப்பை விட்டு, மேற்கில் வெளியே வந்தால், சித்திரை வீதியில் வெறுங்காலோடு ஒரு கிரிவலம் முடித்துத்தான் கிளம்ப முடியும். மத்தியானக் கல்லில் கால் வைத்தவர்களுக்குத் தெரியும்.

4. எந்த நேரம், எப்படிப் போவது

60 நிமிட விளையாட்டு என்று போட்டிருந்தாலும் மொத்தம் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். படிவம், விதி விளக்கம், லாக்கரில் பொருள் வைப்பது என்று முன்னால் பதினைந்து நிமிடம் போகும். முடிந்ததும் விட்ட புதிரை விளக்குவார்கள், போட்டோ எடுப்பார்கள், அதற்கு இன்னொரு பத்து பதினைந்து.

என் சிபாரிசு: கோயிலை 12 மணிக்கே முடித்து வெளியே வந்துவிடுங்கள். 1.30 ஸ்லாட் எடுங்கள், 1 மணிக்கே கூடத் தயாராக இருப்போம் என்று தோன்றினாலும் எடுக்காதீர்கள். 3 மணிக்கு முடித்தால் சாப்பிட்டுவிட்டு 4.30-க்கு மறுபடி கோயில் பக்கம் வந்துவிடலாம்.

கோயிலைச் சுற்றிய சித்திரை வீதிகளில் வண்டி வராது. மாசி வீதிக்கோ வெளி வீதிக்கோ நடந்து வந்துதான் ஏற வேண்டும். ஆப்பில் வண்டி போடுகிறவர்கள் கோபுர வாசலைப் பிடிப்பிடமாகக் குறித்துவிட்டு நிற்பார்கள், ஓட்டுநர் மேல மாசி வீதியிலிருந்து கத்திக்கொண்டிருப்பார். ஐந்து பேர் என்றால் இரண்டு ஆட்டோ வேண்டும். எங்களுக்கு ஓர் ஆட்டோ 160 கேட்டார்கள். ஆப்பில் ஒரு கார் 240-க்கு வந்தது. ஆட்டோ என்றால் ஏறும் முன் விலை பேசுங்கள். மீட்டர் இருக்கும், போடச் சொன்னால் உங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.

நாங்கள் போன இடம் ஆற்றுக்கு வடக்கே. அண்ணா நகர், கே.கே. நகர், சொக்கிகுளம் பக்கம் போகிற யாராக இருந்தாலும் வைகையைத் தாண்ட வேண்டும், பெரும்பாலும் கோரிப்பாளையத்தையும் கடக்க வேண்டும். தூரம் நான்கைந்து கிலோமீட்டர்தானே என்று பத்து நிமிடக் கணக்குப் போடாதீர்கள். முக்கால் மணி நேரம் வையுங்கள். முகூர்த்த நாள் என்றால் ஒரு மணி நேரம். சித்திரைத் திருவிழாவில் அழகரை மதுரைக்கு வரவேற்கும் எதிர்சேவை அன்றைக்கும் அழகர் ஆற்றில் இறங்கும் அன்றைக்கும் இந்த யோசனையையே விட்டுவிடுங்கள். தல்லாகுளத்திலிருந்து ஆறு வரை மனிதத் தலைதான் தெரியும், அன்றைக்கு எஸ்கேப் ரூமே அந்தக் கூட்டம்தான்.

ஒரு வேண்டுகோள். வண்டியில் போகும்போது திட்டம் பேசாதீர்கள். அத்தான் ஆட்டோவில் உரக்க, "லாக்கரை நீ உடைச்சிடு, அலாரத்தை நான் பாத்துக்கிறேன், அத்தை வாசல்ல நிக்கட்டும்" என்றார். ஓட்டுநர் கண்ணாடியை எங்கள் பக்கம் திருப்பினார். இறங்கும்போது மீதிச் சில்லறையை எண்ணாமலே கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

5. என்ன உடுத்துவது, என்ன சாப்பிடுவது

கொள்ளை தீமில் பெரும்பாலும் லேசர் வைத்திருப்பார்கள். சிவப்போ பச்சையோ ஒளிக்கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடும். ஒரு கோட்டை மறித்தால் எதிரில் உள்ள சென்சாருக்கு ஒளி போகாது, அலாரம் அடிக்கும், நிமிடத்தைக் கழிப்பார்கள். குனிந்து, தவழ்ந்து, காலைத் தூக்கி வைத்துப் போக வேண்டும். அக்கா சுடிதார்தான் போட்டிருந்தாள், ஆனால் துப்பட்டாவைக் கழற்ற மறந்துவிட்டாள். அவள் கச்சிதமாகக் குனிந்து போய்விட்டாள். பின்னால் ஒன்றரை முழம் துப்பட்டா ஆடி ஆடி வந்து மூன்று கோட்டையும் மறித்தது. மூன்று அலாரம், மூன்று நிமிடம். சேலை, வேட்டிக்காரர்கள் இந்தப் பகுதியில் ஓரமாக நிற்கலாம். ஒருவர் தாண்டிப் போய் ஒரு பொத்தானை அழுத்தினால் மற்றவர்களுக்கு லேசர் அணைந்துவிடும் அமைப்பு பல இடங்களில் உண்டு. அதையும் முன்னாலேயே கேளுங்கள்.

அந்தக் கோடுகள் கண்ணுக்குத் தெரிய புகை விடுவார்கள். கல்யாண மேடையில் விடுகிற அதே புகைதான். மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு மூடிய அறையில் அது ஒத்துக்கொள்ளாது. சொன்னால் புகையைக் குறைப்பார்கள். விளக்கு விட்டு விட்டு எரியும் அறை என்றால் வலிப்பு உள்ளவர்கள் போக வேண்டாம். மூடிய இடம் ஆகாதவர்கள், கர்ப்பிணிகள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். லேசர் புள்ளியை நேராகக் கண்ணால் பார்க்கக் கூடாது, குழந்தைகளுக்கு இதைத் தனியாகச் சொல்லுங்கள்.

சாப்பாடு பின்னால்தான். மதுரைக்கு வந்துவிட்டு மத்தியானம் கறி தோசையும் கோலா உருண்டையுமாக ஒரு பிடி பிடித்துவிட்டுப் போனால், பெட்டகத்தின் முன்னால் தூக்கம்தான் வரும். இரண்டு இட்லியோ ஒரு எலுமிச்சைச் சாதப் பொட்டலமோ போதும். போகும் முன் எல்லோரும் கழிப்பறை போய் வந்துவிடுங்கள். நடுவில் வெளியே போனால் கடிகாரம் நிற்காது.

6. ஆவணங்கள்

பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் இல்லாவிட்டால் வாசலில் நிற்க வேண்டியதுதான். புக்கிங் செய்தவருடைய அடையாள அட்டை ஒன்று, யுபிஐயில் கட்டிய அட்வான்ஸின் பரிவர்த்தனை எண், மாணவர் சலுகை கேட்டால் கல்லூரி அட்டை. அடையாள அட்டையைக் காட்டினால் போதும், ஆதார் ஜெராக்ஸ் கேட்டால் கொடுக்காதீர்கள். கட்டாயம் என்றால் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள். அதை ஆதார் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம்.

அங்கே ஒரு ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெற்றோர் போட வேண்டும். சித்தப்பா, மாமா போட்டால் சில இடங்களில் ஏற்பதில்லை. அக்கா பிள்ளைகளை மட்டும் கூட்டிக்கொண்டு போகிற மாமன்மார்கள் கவனிக்க. படிவத்தைப் படியுங்கள். இரண்டு வரிகளைத் தேடிப் பாருங்கள். ஒன்று, பொருள் உடைந்தால் எவ்வளவு என்பது. இன்னொன்று, உங்கள் படத்தையும் வீடியோவையும் விளம்பரத்துக்குப் போடலாம் என்பது. உள்ளே கேமரா உண்டு, ஆட்டத்தை நடத்துகிறவர் அதில் பார்த்துத்தான் க்ளூ கொடுப்பார். அது சரி. இன்ஸ்டாகிராமில் அத்தை தவழ்வது வருவது சரியில்லை. அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன், யாரும் மறுக்கவில்லை.

7. உள்ளே போகும் முன் கதவைப் பாருங்கள்

இதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2019 ஜனவரியில் போலந்து நாட்டின் கோஷாலின் நகரில் ஓர் எஸ்கேப் ரூமில் தீப்பிடித்து, பிறந்தநாள் கொண்டாடப் போன 15 வயதுச் சிறுமிகள் ஐந்து பேர் இறந்தார்கள். தப்பிக்க வழி இல்லை. 2024 மே மாதம் குஜராத்தின் ராஜ்கோட்டில் எரிந்த கேம் ஜோனுக்குத் தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்றே கிடையாது.

ஆகவே கேட்கக் கூச்சப்பட வேண்டாம். நாங்கள் உள்ளே வந்த கதவு நிஜமாகவே பூட்டப்படுமா? நல்ல இடங்களில் பூட்ட மாட்டார்கள், அல்லது கதவருகே பச்சையோ சிவப்போ ஒரு பொத்தான் இருக்கும், அழுத்தினால் திறந்துவிடும். அதை ஒரு முறை அழுத்திக் காட்டச் சொல்லுங்கள். நாங்கள் கேட்டபோது அந்தப் பையன் சிரித்துக்கொண்டே அழுத்திக் காட்டினான், கதவு டக்கென்று விட்டது.

கரன்ட் போனால் என்ன ஆகும் என்றும் கேளுங்கள். காந்தப் பூட்டு மின்சாரம் இருக்கும் வரைதான் பிடித்திருக்கும், மின்சாரம் நின்றால் தானே விட்டுவிடும். அதில் பேட்டரி இணைத்திருந்தால் விடாது. அப்போது அவசரப் பொத்தான் அந்தப் பேட்டரியையும் துண்டிக்குமா என்பதுதான் கேள்வி. பதில் சொல்லத் தெரியாமல் விழித்தால் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். அது மாடியில் உள்ள இடம் என்றால் படிக்கட்டு எங்கே, அதில் அட்டைப் பெட்டி அடுக்கியிருக்கிறார்களா என்று ஏறும்போதே ஒரு பார்வை போதும்.

8. அறைக்குள்: 60 நிமிடத்தை எப்படிச் செலவழிப்பது

மற்ற எஸ்கேப் ரூமில் வெளியே வந்தால் ஜெயித்தோம். கொள்ளையில் பொருளை எடுக்க வேண்டும், எடுத்துக்கொண்டு வெளியே வரவும் வேண்டும். இதை மனதில் அடித்து வையுங்கள், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதல் ஐந்து நிமிடம் யாரும் எந்தப் பூட்டையும் தொடாதீர்கள். ஆளுக்கு ஒரு சுவர். மேசைக்கு அடியில், இழுப்பறையின் பின்பக்கம், மாட்டியிருக்கும் கோட்டின் பை, படச் சட்டத்தின் முதுகு, புத்தகத்தின் நடுப்பக்கம். கிடைத்ததை எல்லாம் ஒரே மேசையில் கொண்டுவந்து கொட்டுங்கள். கையில் எடுத்ததை வாய்விட்டுச் சொல்லுங்கள்: "என்கிட்ட ஒரு சின்னச் சாவி, பச்சை நூல் கட்டினது." நாங்கள் பத்து நிமிடம் தேடிய எண் அத்தானின் சட்டைப் பையில் இருந்தது. "முக்கியம்னு தோணுச்சு, பத்திரமா வச்சேன்" என்றார். வீட்டில் ஈபி ரசீதுக்கும் இதே கதைதான்.

எதையும் பலம் போட்டுத் திறக்க வேண்டாம். இரண்டு விரல் பலத்துக்கு மேல் எதற்கும் தேவைப்படாது. ஸ்விட்ச் பெட்டி, ஏசி, மேற்கூரை எல்லாம் ஆட்டத்தில் சேராது. தொடாதே என்று ஒட்டியிருந்தால் அது புதிர் இல்லை, நிஜமாகவே தொடக் கூடாது.

பூட்டைப் பற்றிக் கொஞ்சம். எண் பூட்டில் சரியான எண்ணைப் போட்டும் திறக்காவிட்டால், எண்கள் பக்கவாட்டில் உள்ள கோட்டுக்கு நேராக நிற்கின்றனவா என்று பாருங்கள். ஓர் அரை எண் தள்ளி நின்றாலும் விடாது. மேல், கீழ், இடம், வலம் என்று தள்ளுகிற திசைப் பூட்டில் தப்பாகத் தள்ளிவிட்டால், மேல் வளையத்தை இரண்டு முறை உள்ளே அழுத்துங்கள், பழையது அழியும். அழிக்காமல் சரியான விடையை எத்தனை முறை போட்டாலும் வேலைக்கு ஆகாது. எங்களுக்கு இதைச் சொல்ல மறந்துவிட்டார்கள். சரியான விடையைக் கையில் வைத்துக்கொண்டு ஏழு நிமிடம் அந்தப் பூட்டோடு மல்லுக்கட்டினோம். பட்டன் அழுத்துகிற மின்னணுப் பெட்டகத்தில் குத்துமதிப்பாக எண் போடாதீர்கள். சில முறை தப்பானால் சில நிமிடங்களுக்கு அதுவே பூட்டிக்கொள்ளும். உங்கள் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஒரு சாவி ஒரு பூட்டைத் திறந்துவிட்டால் அதன் வேலை பெரும்பாலும் முடிந்தது. அந்தச் சாவியை அந்தப் பூட்டிலேயே விட்டுவிடுங்கள். பயன்படுத்திய தாளை ஓரமாக ஒரு நாற்காலியில் போடுங்கள். இல்லாவிட்டால் அதே தாளை மூன்று பேர் மூன்று முறை ஆராய்ச்சி செய்வார்கள். எங்கள் வீட்டில் பீரோ சாவி எப்போதும் அத்தையிடம்தான் இருக்கும், ஆகவே இங்கேயும் சாவிப் பொறுப்பை அவரிடமே கொடுத்தோம். ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு வாங்கி வாங்கி வைத்துக்கொண்டார்.

க்ளூ கேட்க வெட்கப்படாதீர்கள். எங்களுக்கு மூன்று இலவசம், வாக்கிடாக்கியில் கேட்கலாம். ஒரே புதிரில் ஐந்து நிமிடம் நகரவில்லை என்றால் கேட்டுவிடுங்கள். கடைசிப் பத்து நிமிடத்துக்காகச் சேமித்து வைத்தால் அப்போது கேட்கவும் தோன்றாது. மறைத்து எழுதியதைக் காட்டும் யுவி டார்ச் கொடுத்தால் முதலில் திறந்த இடங்களையே மறுபடி அடித்துப் பாருங்கள், புதிய இடத்தைத் தேடி ஓட வேண்டாம்.

நான்கு பேர் என்பதுதான் சரியான கணக்கு என்பது என் கட்சி. இரண்டு பேருக்கு வேலை அதிகம். ஆறு பேர் என்றால் இரண்டு பேர் சும்மா நின்று யோசனை மட்டும் சொல்வார்கள். எங்களில் அந்த இடத்தை நான் நிரப்பினேன்.

52-வது நிமிடத்தில் பெட்டகம் திறந்தது. உள்ளே வெல்வெட் துணியில் கண்ணாடிக் கல் ஒன்று, நாவல் பழ அளவு. அக்கா எடுத்தாள். கடைசிக் கதவுக்கு ஒரு புதிர் பாக்கி இருந்தது. இரண்டு கையும் வேண்டும் என்று கல்லை மேசையில் வைத்தாள். கதவு திறந்தது. டைமரில் இன்னும் இரண்டு நிமிடம். ஐந்து பேரும் கத்திக்கொண்டு வெளியே ஓடிக் கைதட்டிக்கொண்டோம். கதவு பின்னால் சாத்திக்கொண்டது. அந்தப் பையன் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "கல் எங்க சார்?"

கதவு சாத்தினால் ஆட்டம் முடிந்தது. ஆகவே கல்லை எடுத்ததும் ஒரே ஆள் கையில் ஒப்படைத்துவிடுங்கள், அவர் வேறு எதையும் தொடக் கூடாது.

9. கிளம்பும் முன்

மீதிப் பணத்தைக் கட்டிப் பில்லை வாங்குங்கள், அட்வான்ஸைக் கழித்திருக்கிறார்களா என்று பாருங்கள். போட்டோ அவர்கள் போனில் எடுத்தால் அங்கேயே அனுப்பச் சொல்லுங்கள், அப்புறம் அனுப்புகிறோம் என்பது வராது. லாக்கரில் வைத்த போன், பை, கடிகாரம், கண்ணாடி எல்லாம் எண்ணி எடுங்கள். புதிர்களின் விடையை விமர்சனத்தில் எழுதாதீர்கள், அடுத்து வருகிறவன் பாவம்.

அதோடு உங்கள் ஆட்களின் பை, மடி, இடுப்பு எல்லாவற்றையும் ஒரு முறை உதறிப் பாருங்கள். நாங்கள் விளக்குத்தூண் பக்கம் வந்து ஜிகர்தண்டாவை வாயில் வைக்கும்போது போன் வந்தது. பச்சை நூல் கட்டின சின்னச் சாவி ஒன்றைக் காணவில்லையாம், அடுத்த குழு வாசலில் நிற்கிறதாம். எல்லோரும் அத்தையைப் பார்த்தோம். அவர் நிதானமாக இடுப்புச் செருகலில் விரலை விட்டு எடுத்து மேசையில் வைத்தார். "சாவியப் போட்ட இடத்துலயே விட்டுட்டு வரதா ஒரு பொம்பள?" என்றார். அவ்வளவு பாடுபட்டு அந்தக் கொள்ளையில் எங்களுக்குக் கிடைத்தது அது ஒன்றுதான். திருப்பிக் கொடுத்துவிட்டு வர, போக வர ஆட்டோவுக்கு 320 ரூபாய்.